சூடு பார்க்கும் கை

காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அப்போதுதான் நோட்டில் 'மெக்னீசியம்: அபாயத்தின் முதல் அறிகுறிகள்' என்று தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, என் கையெழுத்தை நானே மெச்சிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்த என் மகள் நித்யா அதே நிமிடத்தில் சொன்னாள்:

"அம்மா, கண்ணுக்கு முன்னால என்னமோ மினுக்கு மினுக்குன்னு பறக்குதும்மா. தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்கு."

பேனாவைக் கீழே வைக்காமலே பதில் சொன்னேன். "மினுக்காம என்ன செய்யும்? பட்டாசுக் கம்பெனிக்காரி மகள்ல? கண்ணுக்குள்ளயும் கம்பி மத்தாப்பு. செத்த நேரம் கண்ண மூடிப் படுட்டி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு அப்போது எட்டாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

சூலக்கரையில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில், பட்டாசு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மெக்னீசியம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குத்தான் அந்த நோட்டு. "முப்பத்திரண்டு வருச அனுபவம் மேடம், நீங்க பேசினாத்தான் பிள்ளைக கேக்கும்" என்றார்கள். நான் போகவில்லை. ஐந்து மாதம் ஆகியும் அந்தத் தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. பேசாததை எழுதியாவது கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். பாடமாக எழுத வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் பி.எஸ்.சி. வேதியியல். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற வழியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கெமிஸ்டாகச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கல்லூரியில் படித்த எதையும் சத்தமாகச் சொல்லக் கூடாது. மற்றதையெல்லாம் அய்யாத்துரை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார்.

அண்ணாச்சி எங்கள் போர்மேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கலவை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவார். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்புவார். பிறகு மூன்று கேள்வி கேட்பார். "கை காஞ்சிருக்கா? தரை காஞ்சிருக்கா? வாளி மணல் காஞ்சிருக்கா?" மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால்தான் டப்பாவின் மூடி திறக்கும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், ஆர்டர் எவ்வளவு அவசரமாக இருந்தாலும், திறக்காது. மெக்னீசியம் பொடி ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சூடாகும், பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் வெறியாகும், காய்ந்த மணல்தான். அதற்குத்தான் வாசலில் அந்த வாளி.

நான்காவதாக ஒன்றும் செய்வார். எந்த டப்பாவைத் தூக்குவதற்கு முன்னும் அதன் மேல் புறங்கையை வைப்பார்.

"உள்ளங்கை வேல செஞ்சு செஞ்சு மரத்துப் போயிருக்கும் தாயி. அதுக்குச் சூடு தெரியாது. புறங்கைய வையி. சூடு இருந்துச்சுன்னா ரோசன பண்ணிக்கிட்டு நிக்கக் கூடாது. நிப்பாட்டிரணும். அப்புறம் பேசிக்கிடலாம்."

இன்னொரு விதியும் அவருடையது. எதையாவது இடம் மாற்றி வைத்தாலும், மூடியைத் திறந்தாலும், அளவில் கை தவறினாலும், அந்த நிமிடமே சொல்ல வேண்டும். "தொட்டவுக சொல்லணும். தொட்டது தப்பில்ல, சொல்லாததுதான் தப்பு" என்பார். பின்னாளில் நான் இதைப் புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு, கையை ஆட்டி ஆட்டி, என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொடுத்தேன்.

எனக்கு இருபத்தொன்பது வயது இருக்கும்போது, சீசன் நேரத்தில், ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஸ்டோரைத் திறந்தேன். மூலையில் இருந்த மெக்னீசியம் டிரம்முக்கு நேர் மேலே கூரை ஒழுகியிருந்தது. மூடியின் விளிம்பில் ஈரம். புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு. பால் செம்பைத் தொட்டது போல. காலை பத்தரைக்கு, வெயில் படாத மூலையில், ஒரு டிரம் ஏன் வெதுவெதுவென்று இருக்க வேண்டும்?

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவரும் புறங்கையை வைத்தார். எடுத்தார். வெளியே வந்து, எப்போதும் பேசுகிற அதே குரலில், "எல்லாரும் சாப்பிடப் போங்க" என்றார்.

"பத்தரைக்கா அண்ணாச்சி?"

"இன்னைக்கு எனக்குச் சீக்கிரம் பசிக்கு. போங்க, வேப்பமரத்துக்கு அங்கிட்டுப் போயி உக்காருங்க."

நாற்பது நிமிடம் கழித்து ஸ்டோர் வெள்ளை வெளேரென்று எரிந்தது. வேப்பமரத்தடியில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்டோருக்குள் மாட்டியிருந்த என் தூக்குவாளியும் அதிலிருந்த தயிர்சாதமும் மட்டும் போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பெயர் வந்தது. 'கை வச்சே சொல்லிருவாக' என்ற பெயர். மனுஷிக்கு இதைவிடக் கெடுதல் வேறு என்ன வேண்டும்? திரி ஒட்டுகிற பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, காய்ச்சல் அடிக்கான்னு பாருங்க" என்று என் முன்னால் நீட்டுவார்கள். நானும் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, "தொண்ணூத்தொன்பது" என்பேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனால் நான் தவறியதும் இல்லை.

ஒரு தடவை கம்பெனிக்கு மருத்துவ முகாம் வந்தது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்காருகிற பெண்கள் பலரும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றார்கள். முகாமுக்கு வந்த பெண் டாக்டர், கீரை, நிலக்கடலை, எள்ளு, கம்பு என்று சொல்லிவிட்டு, "கால் பிடிப்புக்கு எத்தனையோ காரணம் இருக்கும், மெக்னீசியம் குறைந்தாலும் இழுக்கும். அதில் அதெல்லாம் இருக்கிறது" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"மெக்னீசியமா? ஸ்டோர்ல டிரம் டிரம்மா இருக்கு டாக்டர். ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துரவா?"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. வளர்ந்த ஒரு ஆளின் உடம்பு முழுக்க இருப்பதே இருபத்தைந்து கிராம் அளவுதான் என்றார். பெரும்பாலும் எலும்பிலும் சதையிலும் இருக்குமாம். ரத்தத்தில் ஓடுவது துளியூண்டு. ஆனால் இதயம் ஒழுங்காகத் துடிக்கவும் நரம்பு நிதானமாக இருக்கவும் அந்தத் துளி வேண்டுமாம். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இருபத்தைந்து கிராமா என்று நான் நினைத்துக்கொண்டேன். நாங்கள் எடை போட்டு முடித்ததும் கரண்டியில் ஒட்டியிருப்பதே அவ்வளவு இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "ஒரு மனுசன் மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிருவான் போல" என்று அலட்சியமாகச் சொன்னேன்.

போன வருடம் நித்யா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் வேலையை விட்டேன். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவளுக்கு என்னென்ன தேவையோ எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன். கீரை எந்தக் கிழமை, கடலை எத்தனை பிடி, தண்ணீர் எத்தனை டம்ளர். ஸ்டோர் ரெஜிஸ்டர் தோற்றுவிடும். பிரஷர் பார்க்கிற முறை வந்தபோது மட்டும், "வெள்ளிக்கிழமை வேணாம், வெயிலு வேற, திங்கக்கிழமை போவோம்" என்றேன். திங்கட்கிழமை வேறு ஏதோ வந்தது.

வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் முதலில் அவள் கையில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தன. பிறகு ஆடவில்லை. பிறகு சோப்புப் போட்டாலும் மணிக்கட்டைத் தாண்டவில்லை. நான் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்: "பிள்ள தேறிட்டா. வளையல் இறுகிப் போச்சு பாருங்க." முப்பத்திரண்டு வருடம் டிரம் உப்பியிருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

அன்று பத்து நாற்பதுக்கு மேல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றரைக்கு நித்யா மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயு என்று முடிவு செய்து ஓமத்தண்ணி கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி. இன்னொரு டம்ளர் ஓமத்தண்ணி. ஒரு மணிக்கு என் கணவர் சாப்பிட வந்தார். அவர் அச்சாபீஸில் கட்டிங் மெஷின் பார்க்கிறவர், வேதியியல் தெரியாது, புறங்கையும் வைக்க மாட்டார். வாசலில் நின்றபடியே மகளைப் பார்த்தார்.

"ஏய், என்ன இவ மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்கு?"

"எட்டாம் மாசம்னா அப்பிடித்தான் இருக்கும்."

"என்னத்த அப்பிடித்தான்? கண்ணே தெரியல அவளுக்கு. எந்திரி, ஆட்டோவக் கூப்புடுதேன்."

ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் செய்ததில் குறை எதுவும் இல்லை. பிரஷர் நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து. ஊசி போடவும் மருந்துக் குழாய் ஏற்றவும் கை வேண்டும், வளையல் கழலவில்லை. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிரசவ வார்டுக்குள் பெண் துணை ஒருவருக்குத்தான் அனுமதி. கணவர் வெளியே நின்றார். நான் உள்ளே போனேன். அது மாறி நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

செல்வராணி சிஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சும் வேகம், கையும் வேகம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பிரஷர் மூளையைத் தொடுது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். வராம இருக்க ஒரு மருந்து ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யப் போனார். சிஸ்டர் ஒரு தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பிகளை எடுத்து வந்தார். ஒன்றின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். மெக்னீசியம் சல்பேட்.

அந்நிய ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"சிஸ்டர், இது எப்சம் உப்புல்ல? பேதி உப்பு!"

"ஆமாம்மா. ஊசியில போட்டா வலிப்பத் தடுக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இது எரிஞ்சு முடிஞ்ச மெக்னீசியம் மாதிரி. இனி தண்ணியில போட்டாலும் ஒண்ணும் செய்யாது. ஆனா எங்க ஸ்டோர்ல பொடியா இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. நான் முப்பத்திரண்டு வருசம்…"

நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் வேலை செய்துகொண்டே பேசினார். ரப்பர்ச் சுத்தியலால் நித்யாவின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் வெடுக்கென்று உதைத்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். குழாய் வைத்துக் கட்டிலோரம் தொங்கவிட்டிருந்த மூத்திரப் பையைத் தூக்கி அளவு பார்த்தார். மூன்றும் சரியாக இருந்த பிறகுதான் மருந்துப் பாட்டிலைத் தொங்கவிட்டார். வேறொரு குப்பியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, தலைமாட்டில் வைத்தார்.

"அது எதுக்கு சிஸ்டர்?"

"மாத்து மருந்து. கால்சியம். மெக்னீசியம் கூடிப்போச்சுன்னா மொதல்ல முழங்கால் உதைக்காது, அப்புறம் மூச்சு கொறையும். அப்ப இதப் போடணும்."

"ஓகோ, மணல் வாளி!" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டிலிலிருந்து வரும் குழாயில் ஒரு சின்னப் பல் சக்கரம் உண்டு. அதை உருட்டினால் மருந்து ஓடும், திருப்பி உருட்டினால் நிற்கும். அதை உருட்டிக்கொண்டே சிஸ்டர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை விடாமல் வந்தது: "மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடா இருக்கும், மூஞ்சி செவக்கும். அது அப்பிடித்தான். பயப்படாதீக. இருவது நிமிசம் நிக்காம ஓடணும்." அந்த நேரத்தில் நான் எங்கள் கம்பெனியில் ஒரு சீசனுக்கு எத்தனை டிரம் மெக்னீசியம் இறங்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்தது. "இங்கனதான் இருக்கேன், ஒரு சத்தம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நித்யா முனகினாள்.

"அம்மா, சூடா இருக்கும்மா. உள்ளுக்குள்ள தீயா ஓடுது."

முகம் சிவந்திருந்தது. புறங்கையை அவள் கழுத்தில் வைத்தேன். சூடு. அதற்கு மேல் நான் என்ன நினைத்தேன் என்று எழுதினால் பொய். நான் எதையும் நினைக்கவில்லை. அது எரியாத உப்பு என்று பத்து நிமிடத்துக்கு முன் பிரசங்கம் செய்தவள் நான். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. சூடு இருந்தால் நிப்பாட்டு. கை போனது, சக்கரத்தைத் திருப்பியது, சொட்டு நின்றது.

அண்ணாச்சி குரலில், நிதானமாக, "ஒண்ணுமில்லட்டி, சிஸ்டரக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிஸ்டரின் இரண்டு கையிலும் ஒரு குழந்தையின் தலை இருந்தது. "ரெண்டு நிமிசம்மா, அவசரமா?" என்றார். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி சத்தம் போட்டதில்லையே. "இல்ல, முடிச்சிட்டு வாங்க" என்று மரியாதையாக ஓரமாக நின்றேன். வார்டுக் கடிகாரத்தில் ஏழு நிமிடம். அந்தக் குழந்தை அழுதது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தம் கேட்டது. இரும்புக் கட்டில் தரையில் தடதடவென்று அடிக்கிற சத்தம்.

நித்யாவின் கண்கள் மேலே செருகியிருந்தன. கை கால் விறைத்து வெட்டிக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

சிஸ்டர் என்னைத் தள்ளிவிட்டு அவளை இடது பக்கமாகத் திருப்பினார், வாயைச் சுத்தம் செய்தார், ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். கை தானாகச் சக்கரத்துக்குப் போனது. நின்றிருந்ததைப் பார்த்தார். ஒரே உருட்டு, சொட்டு ஓடியது.

"யாரு இத அடச்சது?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த பெண், "தானா நின்னிருக்குமோ?" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

தொட்டவுக சொல்லணும் என்று முப்பது வருடம் பாடம் எடுத்த வாய் அது.

வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றது. நாலரைக்கு முழு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணில் காட்டிவிட்டுப் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். நித்யா கட்டிலுக்குத் திரும்பி வந்தாள், கூடவே அந்தப் பாட்டிலும் வந்தது. இன்னும் இருபத்திநாலு மணி நேரம் ஓட வேண்டும் என்றார்கள். அவள் உடம்பில் மெக்னீசியம் குறைந்துபோனதால் கொடுப்பதில்லையாம், பிரஷரைக் குறைக்கவும் இல்லையாம். அதற்கு வேறு மருந்து. இது துள்ளுகிற நரம்பை அடக்கி வைப்பதற்கு. குழந்தை வெளியே வந்த பிறகும் வலிப்பு வரலாமாம்.

மறுநாள் மதியம் வரை மணிக்கொரு தடவை யாராவது ஒரு சிஸ்டர் வந்து முழங்காலைத் தட்டி, மூச்சை எண்ணி, பையைப் பார்த்து எழுதினார்கள். கை, தரை, மணல். முழங்கால், மூச்சு, மூத்திரம். அண்ணாச்சி எழுந்து வந்து வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "சிஸ்டர், டீ குடிச்சீகளா?" என்று கேட்பேன்.

இரண்டரைக்கு செல்வராணி சிஸ்டர் மறுபடி டூட்டிக்கு வந்தார். தட்டினார். கால் உதைக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினார். தூக்கத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி லேசாக அசைந்தது. மூச்சை எண்ணினார். பையைத் தூக்கினார். முந்தின மணிக்கும் இந்த மணிக்கும் வித்தியாசமே இல்லை. "மூத்திரம் எறங்கல. மருந்து வெளிய போகாம உள்ளயே சேருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே சக்கரத்தை உருட்டி அடைத்தார். அடைத்த கையோடு, "டாக்டர்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

நான் அடைத்த அதே சக்கரம்தான். அவர் முழங்காலைப் பார்த்து, மூச்சை எண்ணி, பையை அளந்து அடைத்தார். நான் சூட்டைப் பார்த்து அடைத்தேன். என் கை கெட்டிக்காரக் கைதான். ஆனால் அதற்குத் தெரிந்தது டிரம், மனுஷி இல்லை.

"சிஸ்டர்" என்றேன். "நேத்து அத அடச்சது நான்தான்."

நித்யா கண்ணை மூடிக் கிடந்தாள். சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேஸ் ஷீட்டை எடுத்தார்.

"ஏறி எத்தன நிமிசத்துல அடச்சீக?"

"அஞ்சு இருக்கும்."

"எம்புட்டு நேரம் நின்னுச்சு?"

"ஏழு."

எழுதினார். "எதுக்கு அடச்சீக?"

"சூடா இருக்குன்னு சொன்னா."

பேனா நின்றது. "சூடா இருக்கும்னு நான்தான் சொன்னேனேம்மா."

"நீங்க சொன்னீக. நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா வந்ததும் என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் அடைத்ததால்தான் வலிப்பு வந்ததா என்று கேட்டேன்.

"ஓடியிருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். தெரியாதும்மா" என்றார். முழங்காலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இனிமே யார் கேட்டாலும் இதே பதில்தான்." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "கூட இருக்கிறவங்களுக்குச் சொன்னதை, அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் மருந்தைத் திறங்க" என்றார்.

பயிற்சி வகுப்புக்கு என்னிடமிருந்து ஒரு பாடம் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பாடம் எடுத்த அத்தனை வருடத்திலும் யாரையும் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை. நான் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். 'தெரியாதும்மா' என்பதை மட்டும் உங்களிடம் கொடுக்க முடியாது. அது என்னிடமே இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் ஆனைக்குட்டம் தாண்டும்போது வருகிறது.

தலைமாட்டில் இருந்த கால்சியம் குப்பியை உடைக்க வேண்டி வரவில்லை. பையில் மூத்திரம் இறங்கத் தொடங்கியது. நான்கு மணிக்குக் கால் மறுபடி உதைத்தது. நேராக சிஸ்டரின் வயிற்றில். "அப்பாடி, அம்மா மேல உள்ள கோவத்த என்கிட்ட காட்டுதா" என்றார் சிஸ்டர். அந்த வார்டுக்கு வந்த பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தேன். உடனே அழுதேன். அளவைக் குறைத்து மறுபடி ஓடவிட்டார்கள். ஆறு மணிக்குப் பாட்டிலைக் கழற்றினார்கள்.

அரை மணி கழித்துச் சக்கர நாற்காலியில் நித்யாவைக் குழந்தைகள் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வாசலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். அதற்கு அண்ணாச்சி ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார். என்னைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள். குழந்தையின் மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர், பக்கத்தில் பச்சை வெளிச்சம் காட்டும் ஒரு மெஷின், மேலே ஒரு சொட்டுப் பாட்டில். அதிலும் ஒரு சக்கரம். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

குழந்தையை எடுத்து நித்யாவின் நெஞ்சில் போட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் தொடவே இல்லை. பிறகு, வளையல் உடைத்த தடம் இன்னும் சிவந்திருந்த அந்தக் கையைத் தூக்கி, புறங்கையை மெதுவாகக் குழந்தையின் முதுகில் வைத்தாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பாப்பா சூடா இருக்கா" என்றாள். "நீ எதையும் அடச்சிராத."